ரியூசனும் கணிதப் புள்ளியும்: எண்ணியும் கேட்டும் ஆராய்வது எப்படி

ரியூசனுக்குப் போகிற பிள்ளை கணிதத்தில் கூடுதலாகப் புள்ளி எடுக்குமா? யாழ்ப்பாணத்தில் இதற்கு எல்லா வீட்டிலும் ஒரு பதில் இருக்கிறது. ஆய்வாகச் செய்யப் புறப்பட்டால்தான் இதற்குள் இரண்டு கேள்விகள் கிடப்பது தெரியும். எவ்வளவு வித்தியாசம், எத்தனை பேரிடம் என்பது ஒன்று. அதற்கு அளவுசார் ஆய்வு வேண்டும். அந்த வகுப்புக்குள் என்ன நடக்கிறது, பிள்ளை அதிலிருந்து எதை எடுத்துக்கொண்டு வருகிறது என்பது மற்றது. அதற்குப் பண்புசார் ஆய்வு. ஒரு வினாக்கொத்தோடு ஐந்து நேர்காணலைச் சேர்த்துக் கட்டிவிட்டு ‘கலப்பு முறை’ என்று தலைப்பிடும் ஆய்வுமுன்மொழிவுகள் நிறைய. ஒன்றில் கிடைத்த விடை மற்றதில் யாரைச் சந்திப்பது, எதைக் கேட்பது என்பதைத் தீர்மானிக்காவிட்டால், அவை ஒரே அட்டைக்குள் இருக்கும் இரண்டு சிறிய ஆய்வுகள்தான்.

முதலில் எண்ணும் வேலை. தரம் 10 மாணவர்களை எடுப்பது நல்லது. தரம் 11 இல் சாதாரண தரப் பரீட்சை நெருங்க நெருங்கப் பாடசாலைக்கு வரவு குறையும், அதிபரும் நேரம் தரமாட்டார். யாழ்ப்பாண மாவட்டத்தில் யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என ஐந்து கல்வி வலயங்கள். ஒவ்வொரு வலயத்தையும் ஒரு படையாக, அதாவது தனிப் பிரிவாகக் கொண்டு, அதற்குள் 1ஏபி (உயர்தர விஞ்ஞானப் பிரிவும் உள்ளவை), 1சி (உயர்தரம் உண்டு, விஞ்ஞானப் பிரிவு இல்லை), வகை 2 (தரம் 11 வரை) என்று பாடசாலைகளைப் பிரித்து எழுமாற்றாகத் தெரிய வேண்டும். நெடுந்தீவுப் பாடசாலை ஒன்று விழுந்துவிட்டால் குறிகட்டுவானில் படகு ஏறத்தான் வேண்டும். மாரியில் கடல் கொந்தளிக்கும்போது படகு ஓடாது என்று சொல்லி, தரைவழியாகப் போகக்கூடிய வேலணையில் ஒரு பாடசாலையை மாற்றிப் போடுவது வழமை. போய்வரச் சிரமமான பாடசாலைக்கு ஆசிரியர் வருவதும் சிரமம். அங்கே ரியூசனும் குறைவாகவே இருக்கும். அதை விலக்கினால் நாம் அளக்க வந்த வேறுபாடே மாதிரியிலிருந்து போய்விடும்.

மாதிரியின் பருமனுக்கு எல்லோரும் பார்ப்பது கிரெஜ்சியும் மோர்கனும் 1970 இல் வெளியிட்ட அட்டவணையை. குடித்தொகை 1,000 என்றால் 278 பேர், 10,000 என்றால் 370 பேர். அந்த அட்டவணை ஒவ்வொரு மாணவரும் தனித்தனியாக எழுமாற்றாகத் தெரியப்பட்டதாக எடுத்துக்கொள்கிறது. நாம் செய்வது அதுவல்ல. பாடசாலையைத் தெரிந்து, அதற்குள் ஒரு வகுப்பில் வினாக்கொத்தைக் கொடுக்கிறோம். ஒரே ஆசிரியரிடம் படிக்கிற, ஒரே ஊரில் இருக்கிற இருபது பிள்ளைகள் இருபது தனித் தகவல்கள் ஆகமாட்டார்கள். இந்த ஒற்றுமையின் அளவுக்கு ‘கொத்துள் இணைபு’ என்று பெயர். ஒரு கொத்தில், இங்கே ஒரு பாடசாலையில், எடுக்கும் ஆட்களின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து, இந்த இணைபால் பெருக்கி, ஒன்றைக் கூட்டினால் வருவதால் மொத்த மாதிரியை வகுக்க வேண்டும். இணைபு 0.2 என்று வைத்துக்கொள்வோம். 20 பாடசாலைகளில் 20 பேர் வீதம் 400 பேர் எடுத்தால் வகுக்கும் எண் 4.8, உண்மையில் கையில் இருப்பது 83 பேருடைய தகவல். அதே 400 பேரை 40 பாடசாலைகளில் பத்துப் பத்தாக எடுத்தால் வகுக்கும் எண் 2.8, தகவல் 143 பேருக்கு உயர்கிறது. மேலும் பிள்ளைகளைச் சேர்ப்பதைவிட மேலும் பாடசாலைகளுக்குப் போவதே பயன். சோம்பலுக்கு இந்தச் சூத்திரம் இரக்கம் காட்டாது.

வினாக்கொத்தில் ‘நீங்கள் ரியூசனுக்குப் போகிறீர்களா? ஆம் / இல்லை’ என்று கேட்டால், நகரப் பாடசாலையில் ஏறத்தாழ எல்லாரும் ஆம் என்றுவிடலாம். பிறகு ஒப்பிட ஆளில்லை. ‘கடந்த ஏழு நாட்களில் கணிதத்துக்கு மட்டும் எத்தனை மணித்தியாலம்?’ என்று கேட்க வேண்டும். மண்டபத்தில் நூறு பேருடன் இருப்பதையும் வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுப்பதையும் தனித்தனியே பதிய வேண்டும். ‘கணித ஆசிரியர் தெளிவாகவும் அன்பாகவும் கற்பிக்கிறார்’ என்பது இரண்டு கேள்வி. ‘உடன்படுகிறேன்’ என்ற பதில் எதற்கு என்று பிறகு யாருக்கும் தெரியாது. மாதிரியில் சேராத ஒரு பாடசாலையில் முப்பது பேருக்குக் கொடுத்துப் பார்த்தால் இத்தகைய பிழைகளில் பல முன்கூட்டியே அகப்படும். வகுப்பாசிரியரை வைத்து வினாக்கொத்தைப் பகிர்வது இன்னொரு பொறி: அவரே பின்னேரம் வகுப்பு நடத்துபவராக இருந்தால் எந்தப் பிள்ளை உண்மை எழுதும்?

புள்ளிக்குத் தவணைப் பரீட்சையை நம்பக் கூடாது. தாள் ஒன்றாக இருந்தாலும் திருத்துவது அந்தந்தப் பாடசாலை. பாடத்திட்டத்திலிருந்து 20 வினாக்கள் கொண்ட தாள் ஒன்றைத் தயாரித்து, பெயரை மறைத்து, ஒரே ஆளே திருத்துவது பாதுகாப்பு.

இனிப் பகுப்பாய்வு. மணித்தியாலத்துக்கும் புள்ளிக்கும் இடையே இணைபுக் குணகம் (இரண்டும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதன் அளவு) 0.1 வந்தால், 400 பேர் என்று கணினிக்குச் சொன்னால் அது 0.05 மட்டத்தில் ‘பொருளுண்மை உடையது’ என்று காட்டும்: தொடர்பே இல்லாவிட்டால் இப்படி வர இருபதில் ஒன்றுக்கும் குறைவான வாய்ப்பு என்பது அதன் பொருள். 0.1 ஐ வர்க்கித்தால் 0.01. புள்ளிகளின் வேறுபாட்டில் நூற்றில் ஒரு பங்கைத்தான் அது தொடுகிறது. கொத்துக் கணக்கைச் சேர்த்தால் அந்தப் பொருளுண்மையும் நிற்காது. இணைபு பூச்சியத்துக்குக் கிட்ட வந்தாலும் ரியூசனால் பயனில்லை என்று எழுத முடியாது. கெட்டிக்காரப் பிள்ளை உயர்தரத்தில் கணிதப் பிரிவை எண்ணிப் போகிறது. பின்தங்கிய பிள்ளையைத் தாய் தகப்பன் அனுப்புகிறார்கள். இரண்டு கூட்டமும் ஒரே வரிசையில் இருந்தால் ஒன்று மற்றதை மறைத்துவிடும். ஆகவே சென்ற ஆண்டுப் புள்ளியையும் பெற்றோரின் கல்வியையும் கட்டுப்பாட்டு மாறிகளாகச் சேர்க்க வேண்டும். அப்போதும் பிள்ளையின் விருப்பம் போன்ற அளக்காதவை வெளியே நிற்கும்.

பரிசோதனை செய்தால் தீராதா? ரியூசனை நிறுத்தச் சொல்ல முடியாது. பாடசாலை நடத்தும் இலவசப் பரிகார வகுப்பை ஆராயலாம். பலர் இங்கேதான் விழுகிறார்கள். முன்சோதனையில் மிகக் குறைவாக எடுத்தவர்களைத் தெரிந்து, ஆறு வாரம் கற்பித்து, பின்சோதனையில் ஏறிய புள்ளிகளைக் காட்டுவார்கள். வகுப்பின் இடை (சராசரி) 50, தெரிந்தவர்களின் இடை 25, இரு சோதனைகளுக்குமிடையிலான இணைபு 0.6, வகுப்பின் இடையும் பரம்பலும் மாறவில்லை என்று வைத்துக்கொண்டால், எதுவுமே கற்பிக்காமல் அவர்களின் அடுத்த இடை 35 ஆகும். அன்று காய்ச்சலோடு எழுதியவரும் தாளைத் தவறாக வாசித்தவரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அடுத்த முறை அந்தத் துரதிர்ஷ்டம் வேறு ஆட்களிடம் போய்விடும். இந்தப் பத்துப் புள்ளியைக் கழிக்க நேர்மையான ஒரு வழி, பின்தங்கியவர்களில் அரைவாசிப் பேரைச் சீட்டுக் குலுக்கி இந்தத் தவணை வகுப்புக்கு எடுத்து, மிகுதிப் பேரை அடுத்த தவணையில் எடுப்பது. ஒருவரும் வகுப்பை இழக்கமாட்டார்கள். ஒப்பிட ஒரு குழுவும் கிடைக்கும்.

கேட்கும் வேலை இப்போதுதான் தொடங்க வேண்டும், எண்கள் காட்டிய ஆட்களிடமிருந்து. வாரம் எட்டு மணித்தியாலம் போயும் புள்ளி ஏறாதவர், போகாமலே நன்றாக எடுத்தவர், எதிர்பார்த்தபடியே எடுத்தவர் என்று ஒவ்வொரு வகையிலும் நாலைந்து பேர். 12 முதல் 15 நேர்காணல்களில் புதிய விடயம் வருவது பெரும்பாலும் குறைந்துவிடும். வகைகள் கூடினால் எண்ணிக்கையும் கூட வேண்டும். ‘ஏன் ரியூசன் போகிறீர்கள்?’ என்று தொடங்கினால் விசாரணை போலிருக்கும். ‘ஓம் சேர்’, ‘இல்லை சேர்’ என்பதோடு கதை முடியும். ‘நேற்றுப் பாடசாலை விட்டதிலிருந்து படுக்கும்வரை என்ன செய்தீர்கள், ஒவ்வொன்றாகச் சொல்லுங்கோ’ என்றால் பிள்ளை கதைக்கும். இடம் வகுப்பறையாக இருக்க வேண்டாம். கோயில் திருவிழாக் காலத்தில் ஒலிப்பதிவு செய்தால் ஒலிபெருக்கிதான் பதிவாகும்.

ஒரு மணித்தியாலப் பதிவை எழுத நாலு முதல் ஆறு மணித்தியாலம் போகும். ‘விளங்கேல்லை’ என்று சொன்னதை ‘புரியவில்லை’ என்று திருத்தக் கூடாது. சிரிப்பும் மௌனமும் குறிக்கப்பட வேண்டும். ‘வகுப்பிலை கேக்க வெக்கம், அங்கை என்னை ஒருத்தருக்கும் தெரியாது’ என்று ஒரு மாணவி சொன்னதாகக் கொள்வோம். இதற்கு ‘ரியூசனின் நன்மை’ என்று குறியிட்டால், அதாவது சொன்னதன் பொருளுக்கு அப்படி ஒரு பெயர் வைத்தால், அது வினாக்கொத்தின் தலைப்பைத் திரும்ப எழுதியதுதான். ‘அறிமுகமில்லாத இடத்தில் கேட்கும் துணிவு’ என்று குறியிட்டால் புதிய பொருள் பிறக்கிறது. பதிவுகளில் ஒரு பகுதியை இன்னொருவரிடம் தனியே குறியிடக் கொடுத்து, முரண்படும் இடங்களில் குறியீட்டின் வரைவிலக்கணத்தைத் திருத்த வேண்டும். பிறகு அந்தக் கருத்தை உடைக்கும் ஒரு பிள்ளையையாவது தேட வேண்டும்: கேட்கவே கேட்காமல் பின்வரிசையில் இருந்து குறிப்பை மட்டும் பார்த்து எழுதிவிட்டு வருகிறவர். அப்படி ஒருவர் கிடைத்தால், மணித்தியாலம் என்ற நம்முடைய மாறி கற்றலை அளக்கவில்லை, இருக்கையை அளந்திருக்கிறது என்று தெரியவரும். அடுத்த வினாக்கொத்தில் ‘கடைசியாக எப்போது கேள்வி கேட்டீர்கள்?’ என்பதைச் சேர்க்க வேண்டியிருக்கும்.

அனுமதி விடயம் சுருக்கமானது: மாகாணப் பாடசாலைக்கு வலயக் கல்விப் பணிப்பாளரிடம், பிறகு அதிபரிடம், பெற்றோரிடம் எழுத்தில், பிள்ளையிடம் வாயால். தேசிய பாடசாலைகள் மத்திய கல்வி அமைச்சின் கீழ் என்பதால் அங்கே வேறு பாதை. பெயரை மாற்றிவிட்டால் போதும் என்று எண்ண வேண்டாம். ‘தீவகத்திலுள்ள ஒரு வகை 2 பாடசாலையின் பெண் கணித ஆசிரியர்’ என்று எழுதினால், அப்படி ஒருவர்தான் இருக்கக்கூடும். ஊர் முழுதுக்கும் அவரைத் தெரியும். வலயத்தையோ பாடசாலை வகையையோ விட்டுவிட்டு எழுத வேண்டும், அட்டவணையில் ஒரு கட்டத்துக்குள் ஐந்து பேருக்குக் குறைவாக வந்தால் பக்கத்துக் கட்டத்தோடு சேர்த்துவிட வேண்டும்.