எதிர் என்றால் எதற்கு எதிர்?

செங்கோட்டையிலிருந்து மேற்கே போனால், புளியரை தாண்டியதும் சாலை மலையேறத் தொடங்கிவிடும். எஸ் வளைவு, அப்புறம் கோட்டைவாசல், அதற்கு அந்தப் பக்கம் கேரளா. 1956 வரை செங்கோட்டையே திருவிதாங்கூரோடு இருந்ததால், எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அந்த எல்லையை இன்றைக்கும் பெரிதாக மதிப்பதில்லை.

போன மாதம் அக்கா மகனோடு புனலூருக்குப் பஸ்ஸில் போனேன். பிளஸ் ஒன் படிக்கிறான். எங்களுக்கு முன்னால் காய்கறி லோடு ஏற்றிய லாரி ஒன்று முக்கி முக்கி ஏறிக்கொண்டிருந்தது. டிரைவர் கியர் மாற்றும்போது கியர் விழவில்லை போலிருக்கிறது. லாரி தளர்ந்து, ஒரு கணம் நின்று, பின்னால் உருள ஆரம்பித்தது. பஸ்ஸுக்குள் ஒரே கூச்சல். நல்லவேளை, ஒரு முழம் உருள்வதற்குள் பிரேக் பிடித்துவிட்டது. கிளீனர் கட்டையோடு குதித்து, பின் டயருக்கு அடியில் கொடுத்தார்.

கூச்சல் அடங்கியதும் பையன் சொன்னான்: "மாமா, ஏறும்போது வேகம் குறைஞ்சுது, அப்போ முடுக்கம் மைனஸ். நின்னப்போ ஜீரோ. பின்னால உருளும்போது வேகம் கூடுச்சு, அப்போ பிளஸ். சரிதான?"

மூன்றில் ஒன்றுதான் சரி. இதே தப்பைச் செய்துதான் பள்ளித் தேர்விலும் மார்க்கைக் கோட்டைவிட்டிருக்கிறான். அவன் மட்டுமில்லை, அந்த வயதில் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த டிரைவர் பிரேக்கே போடவில்லை என்று வைத்துக்கொள்வோம், கற்பனையில்தான். 20 மீட்டர் போனால் 1 மீட்டர் உயரும் ஏற்றம். புவியீர்ப்பு முடுக்கம் 9.8, அதில் இருபதில் ஒரு பங்கு, கிட்டத்தட்ட 0.5, லாரியைச் சரிவில் கீழ்நோக்கி இழுக்கும். லாரி ஏறிக்கொண்டிருந்த திசையை, அதாவது புனலூர் வழியாகக் கொல்லம் போகும் திசையை, பிளஸ் என்று எடுத்துக்கொள்வோம். இது நாம் எடுக்கும் முடிவு, இயற்கை சொல்லித் தந்ததில்லை. கியர் நழுவிய நேரத்தில் லாரியின் திசைவேகம், அதாவது திசையையும் குறியாகச் சேர்த்துச் சொல்லும் வேகம், வினாடிக்கு +3 மீட்டர்.

2 வினாடி கழித்து அது +2. நாலாவது வினாடியில் +1. ஆறில் 0. எட்டில் −1. பத்தில் −2. இந்த எண்களை வரிசையாக வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: மூன்று, இரண்டு, ஒன்று, பூஜ்யம், மைனஸ் ஒன்று, மைனஸ் இரண்டு. எங்காவது ஏறுகிறதா? ஒரே சீராக, 2 வினாடிக்கு 1 என்று இறங்கிக்கொண்டே இருக்கிறது. முடுக்கம் என்பது திசைவேகம் மாறும் வீதம். ஆக அது ஆரம்பம் முதல் கடைசிவரை −0.5 தான். மைனஸ் ஒன்றிலிருந்து மைனஸ் இரண்டுக்குப் போவதும் இறக்கமே.

பையனுக்கு இது தொண்டைக்குள் இறங்கவில்லை. "ஆனா உருளும்போது வேகம் கூடுதே?" என்றான். காசுக் கணக்கில் சொன்னேன். ஒருவன் கையில் 300 ரூபாய். வரவு கிடையாது, தினம் 50 ரூபாய் செலவு. ஆறாம் நாள் கை காலி. அதற்கப்புறமும் செலவை நிறுத்தவில்லை, கடன் வாங்கிச் செலவழிக்கிறான். எட்டாம் நாள் 100 ரூபாய் கடன், பத்தாம் நாள் 200. கடன் பெருகுகிறது என்பதற்காக அவனுக்கு வரவு வந்தது என்று சொல்வோமா? செலவு என்றைக்கும் போல அதே 50. திசைவேகம் என்பது கையிருப்பா கடனா என்ற குறியோடு சேர்ந்த கணக்கு. வேகம் என்பது குறியைத் தள்ளிவிட்டுத் தொகையை மட்டும் பார்ப்பது. முடுக்கம்தான் அந்த அன்றாட வரவு செலவு.

ஆறாம் நாள் கை காலி என்றதுமே அவனுக்கு அடுத்ததும் புரிந்துவிட்டது. லாரி நின்ற அந்தக் கணத்தில் திசைவேகம் பூஜ்யம், முடுக்கம் பூஜ்யமில்லை. முடுக்கமும் பூஜ்யமாகியிருந்தால் லாரி அங்கேயே நின்றிருக்கும், கூச்சலுக்கு வேலை இருந்திருக்காது. பிரேக் பிடித்து, கிளீனர் கட்டையும் கொடுத்து லாரி அசையாமல் நின்றதே, அப்போதுதான் முடுக்கம் நிஜமாகவே பூஜ்யம். மேலே எறிந்த கல் உச்சியில் நிற்கும் கணமும் இப்படித்தான். அங்கே கட்டை கொடுக்க ஆளில்லை.

இன்னொன்றும் இதே கணக்கில் ஒளிந்திருக்கிறது. நின்ற இடத்திலிருந்து லாரி முதல் 2 வினாடியில் 1 மீட்டர் உருளும், அடுத்த 2 வினாடியில் 3 மீட்டர், அதற்கடுத்த 2 வினாடியில் 5 மீட்டர். 1, 3, 5. சுமார் நானூறு வருடங்களுக்கு முன்னால் கலிலியோ சரிவுப் பலகையில் குண்டு உருட்டிக் கண்டுபிடித்த ஒற்றைப்படை வரிசை இதுவே.

டயர் உராய்வை நான் சேர்க்கவில்லை. சேர்த்தால், ஏறும்போது முடுக்கத்தின் அளவு 0.5-ஐவிடக் கொஞ்சம் கூடும், உருளும்போது கொஞ்சம் குறையும். குறி மட்டும் இரண்டிலும் மைனஸ்தான்.

சரி, புனலூர்ப் பையன் ஒருவன் இதே லாரியைப் பார்த்து, செங்கோட்டைப் பக்கம்தான் பிளஸ் என்று எழுதினால்? அவன் தாளில் ஏறும் லாரிக்கு −3, முடுக்கம் +0.5. குறிகள் தலைகீழ். ஆனால் திசைவேகமும் முடுக்கமும் வெவ்வேறு குறி என்பது இரண்டு தாளிலும் ஒன்றுதான். பார்க்க வேண்டியதும் அதை மட்டும்தான்: குறிகள் ஒத்துப்போனால் வேகம் கூடும், முட்டிக்கொண்டால் குறையும். முடுக்கத்தின் குறியை மட்டும் தனியாகப் பார்த்தால் அது எதையும் சொல்லாது.

கோட்டைவாசல் தாண்டியதும் இது இன்னும் தெளிவாகும். ஆரியங்காவு, தென்மலை என்று சாலை இறங்குகிறது. பிளஸ் திசை அதே கொல்லம் பக்கம்தான். சரிவின் இழுப்பு இப்போது அந்தப் பக்கமாகத் திரும்பி +0.5 ஆகிவிடும், அந்தச் சரிவும் அதே அளவு என்றால். நியூட்ரலில் இறங்கும் லாரிக்கு இரண்டும் பிளஸ், வேகம் கூடும். எதிரே தென்மலையிலிருந்து ஏறி வரும் லாரி ஒன்று நியூட்ரலில் விழுந்தால் அதற்குத் திசைவேகம் மைனஸ், முடுக்கம் பிளஸ், ஆனால் தளர்கிறது.

இந்தக் குழப்பத்துக்குப் பாதிக் காரணம் நம் பாடப்புத்தகச் சொல் என்று எனக்கு ஒரு எண்ணம். வேகம் குறைவதை எதிர் முடுக்கம் என்கிறோம். மைனஸையும் எதிர்க்குறி என்கிறோம். ஒரே 'எதிர்' இரண்டு வேலை பார்க்கிறது. முதல் எதிர், ஓட்டத்துக்கு எதிர். இரண்டாவது, நாம் தேர்ந்தெடுத்த திசைக்கு எதிர். கேள்வித்தாளில் எதிர் முடுக்கம் என்று பார்த்ததும் யோசிக்காமல் மைனஸ் போடும் பிள்ளை, வண்டி பிளஸ் திசையில் போகிறவரைதான் தப்பிக்கும். 'வேக இறக்கம்' என்ற சொல்லும் இருக்கிறது. அதையே பிடித்துக்கொண்டால் என்ன?

எஸ் வளைவில் மட்டும் இந்தக் கணக்கு கைகொடுக்காது. ஸ்பீடாமீட்டர் முள் ஆடாமல் 20-இல் நின்றாலும் வளையும்போது முடுக்கம் உண்டு, அது வளைவின் உள்பக்கமாகப் பக்கவாட்டில் இருக்கும். பிளஸ் மைனஸ் நேர்கோட்டுக்கு மட்டும்தான். பையனுக்கு அது அடுத்த பாடம், அதனால் நான் வாயைத் திறக்கவில்லை.

சாயங்காலம் திரும்பும்போது புளியரை செக்போஸ்ட் முன்னால் பஸ் சடக்கென்று பிரேக் போட்டது. நின்றுகொண்டிருந்தவர்கள் எல்லாரும் முன்னால் சாய்ந்தோம். பையன் கம்பியைப் பிடித்துக்கொண்டே சொன்னான்: "மாமா, இப்போ முடுக்கம் பிளஸ்."

பக்கத்தில் இருந்த பெரியவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "பிரேக் போட்டா எப்படிப்பா பிளஸ் ஆகும்?"

"கொல்லம் பக்கம் பிளஸ் தாத்தா," என்றான்.