பத்தடிக்கு இரண்டு நூல்

கோத்தகிரிப் பக்கம் ஒரு வீடு. ஐப்பசி மழை பிடித்த நாலாம் நாள் கூப்பிட்டார்கள், கூரை ஓரத்தில் மழைத் தண்ணீரைப் பிடிக்கும் கட்டர் வழிகிறதென்று. "கட்டர் சின்னதா இருக்குன்னு பெருசா மாத்திட்டோம் அண்ணா, அப்பவும் நடுவுலதான் கொட்டுது." ஏணி போட்டு ஏறினேன். இரண்டு விரல் ஆழத்துக்குத் தண்ணீர், அடியில் சேறு. ஒரு சில்வர் ஓக் இலையைத் தண்ணீர் கீழே இறங்கும் குழாய் ஓரமாகப் போட்டேன். அது குழாயில் இறங்காமல், ஆடி அசைந்து நடுவுக்கு வந்து நின்றுகொண்டது. இந்த மழைக்கு இதே கதையாக எனக்கு ஆறாவது வீடு.

மாட்டியவர் வாட்டம், அதாவது குழாய்ப் பக்கம் சரிவு வைத்துத்தான் மாட்டியிருக்கிறார். வீட்டுக்காரர் ரோட்டில் நின்று பார்த்துவிட்டு, "கோணலா இருக்கு, நேராக்கு" என்று சொல்ல, அவரும் கட்டரைத் தாங்கும் கிளாம்பைக் கழற்றிக் கூரை ஓரத்துக்குச் சமமாக ஏற்றிவிட்டார்.

ஐயா, மலையில் கண்ணால் மட்டம் பார்க்காதீர்கள். நீங்கள் நிற்கும் ரோடு சரிவு. பின்னால் தெரியும் தேயிலைத் தோட்டம் சரிவு. பக்கத்து வீட்டுத் தடுப்புச் சுவரும் படிப்படியாக இறங்குகிறது. இதில் எதை வைத்து "நேர்" என்கிறீர்கள்? சரி, கூரை ஓரம்? பழைய ஓட்டு வீட்டில் சட்டம் தொய்ந்து ஓரம் நடுவில் இறங்கியிருக்கும். அதை ஒட்டி மாட்டினால் தொய்வும் சேர்ந்தே வரும். தண்ணீர் அங்கேதான் தேங்கும். இந்த வீட்டில் நடந்தது அதுதான். பெரிய கட்டர் வாங்கியதில் தேங்கும் தண்ணீர்தான் பெரிதானது.

வேண்டிய வாட்டம் பத்தடிக்கு இரண்டு நூல், அதாவது கால் இஞ்ச். நாற்பதடி நீளத்துக்கு மொத்தமே ஒரு இஞ்ச்தான். உங்கள் கட்டைவிரல் அகலம். அது கோணலாகத் தெரிகிறதென்றால் கோணல் வேறெங்கோ இருக்கிறது. அப்படியானால் நிறையச் சாய்த்தால் வேகமாக ஓடுமே என்பார்கள். ஓடும். ஆனால் தாழ்ந்த முனை கூரையை விட்டு ஒரு சாண் இறங்கிவிடும். காற்றோடு மழை அடிக்கும்போது தண்ணீர் கட்டரைத் தாண்டி வெளியே விழும்.

மட்டத்துக்கு டியூப் லெவல் போதும், தண்ணீர் நிரப்பிய கண்ணாடி போன்ற டியூப்தான் அது. டியூபில் காற்றுக் குமிழி இல்லாமல் பார்த்து, தண்ணீர் நிற்கும் மட்டத்தில் இரண்டு முனையிலும் குறி போடுங்கள். குழாய் இறங்கும் முனையில் கணக்குப்படி கீழே இறக்கி ஆணி அடித்து, நூல் கயிறு கட்டி, இரண்டடிக்கு ஒரு கிளாம்ப். நாற்பதடிக்கு மேல் போனால் நடுவை உயர்த்தி இரண்டு பக்கமும் குழாய் இறக்குங்கள். முடிந்ததும் ஒரு வாளித் தண்ணீரை உயர்ந்த முனையில் ஊற்றிப் பார்க்காமல் கூலி கொடுக்காதீர்கள். (என் வேலைக்கும் இதேதான்.)

கட்டர் வழிந்தால் சுவர் ஈரமாகும், அவ்வளவுதானே என்று விடுகிறவர்கள் கொஞ்சம் கணக்குப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடிக் கூரையில் 50 மி.மீ. பெய்தால் நாலாயிரத்து அறுநூறு லிட்டருக்கு மேல். இங்கே அது ஒரே சாயங்காலத்தில் கொட்டிவிடும். அத்தனையும் சுவர் ஓரம் ஒரே இடத்தில் விழுந்து மண்ணுக்குள் இறங்கினால் கீழே இருக்கும் தடுப்புச் சுவர் என்ன செய்யும்? இந்த வீட்டில் அது ஏற்கெனவே வயிறு தள்ளியிருந்தது. 2009 நவம்பரில் குன்னூர், கேத்திப் பக்கம் மண் சரிந்ததைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் பக்கத்து மழை வருமுன், கூடலூர், பந்தலூர்க்காரர்கள் மே மாதத்திலும், குன்னூர், கோத்தகிரிக்காரர்கள் செப்டம்பரிலும் ஒரு தடவை கட்டரைத் துடைத்து வாளி ஊற்றிப் பாருங்கள். குரங்கு தொங்குகிற வீடு என்றால் மாதம் ஒருமுறை கிளாம்பையும் பாருங்கள். ஒன்று வளைந்தால் வாட்டம் போயிற்று. பாசி பிடித்த ஓட்டில் தனியாக ஏறாதீர்கள், ஏணியைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். அப்புறம் ஒரே ஒரு வேண்டுகோள்: இறங்குகிற குழாயைக் கீழ்வீட்டுக்காரரின் மண் திட்டில் விட்டுவிடாதீர்கள். இன்னும் இருபதடிக் குழாய் வாங்கி ஓடை வரைக்கும் கொண்டுபோய் விடுங்கள்.