சிகரெட்டே தொட்டதில்ல டாக்டர், எனக்கு எப்படி வந்துச்சு?

நுரையீரல் கேன்சர்னு வந்தா ஓபியில நாங்க கேக்குற முதல் கேள்வி சிகரெட் பிடிப்பீங்களாங்கிறதுதான். என்ன வேலை பார்த்தீங்கன்னும் கேக்கணும், ஆனா கூட்டத்துல அது விட்டுப்போயிடும், நானே விட்டிருக்கேன். ஒரு பெரியவர், பீடி சிகரெட் எதையும் தொட்டதே இல்ல, ரிப்போர்ட்ட கையில வெச்சுக்கிட்டு எனக்கு எப்படி வந்துச்சுன்னு திரும்பத் திரும்ப கேட்டார். கடைசில அவர் பொண்ணுதான் சொன்னாங்க, அப்பா முப்பது வருஷம் கல்லு அறுக்குற பட்டறையில இருந்தார்னு. வேலைய விட்டு பத்து வருஷம் ஆச்சு, அதனால அவருக்கே அது சொல்ல வேண்டிய விஷயமா தோணல.

தூசியாலதான் வந்துச்சுன்னு ஒரு தனி ஆளை வெச்சு யாராலயும் அடிச்சு சொல்ல முடியாது. ஆனா ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள வருஷக்கணக்கா கவனிச்சா படம் தெளிவா இருக்கு. மணல், கருங்கல், கான்கிரீட், செங்கல் எல்லாத்துலயும் இருக்குற படிக சிலிக்காவ உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1997லயே 'மனுஷனுக்கு கேன்சர் உண்டாக்கும்'ங்கிற முதல் பிரிவுல போட்டுடுச்சு. ஆஸ்பெஸ்டாஸ் அதுக்கும் முன்னாடியே அங்க இருக்கு. நிலக்கரித் தூசிக்கு மட்டும் அதே 1997ல ஆதாரம் போதலன்னு மூணாவது பிரிவு கொடுத்தாங்க, அதுக்காக அது நல்லதுன்னு ஆயிடாது, நுரையீரல் கறுத்து தழும்பாகிப் போறதுக்கு அதுவே போதும், சுரங்கத்துல பாறையயும் சேத்து துளைக்கும்போது சிலிக்காவும் கூடவே வரும்.

நிறைய பேர் கண்ணுக்குத் தெரியுற புழுதியப் பாத்துதான் பயப்படுறாங்க. அது பெரும்பாலும் மூக்குலயும் தொண்டையிலயும் சிக்கி சளியோட வந்துடும். வில்லங்கம் 4 மைக்ரானுக்கும் கீழ இருக்குற துகள்தான் (தலைமுடியே சுமார் 70 மைக்ரான்), அது நேரா காத்துப்பை வரைக்கும் போயிடும். அங்க இருக்குற காவல் செல் அதை முழுங்கும், செரிக்க முடியாம சாகும், துகள் திரும்ப வெளிய வரும், அடுத்த செல் வந்து முழுங்கும், இப்படியே வருஷக்கணக்குல நடந்தா அந்த இடம் எப்பவும் புண்ணாவே இருக்கும், தழும்பாகும், டிஎன்ஏவும் அடிபடும். புதுசா உடைஞ்ச துகள்தான் ரொம்ப மோசம், அதனால கட்டிங் மெஷின் பக்கத்துல நிக்கிறவருக்குத்தான் அடி அதிகம். கிச்சன் மேடைக்குப் போடுற செயற்கைக் கல்லுல பல ரகங்கள்ல 90 சதவீதத்துக்கு மேல சிலிக்கா, ஆஸ்திரேலியா 2024 ஜூலையில அதைத் தடையே பண்ணிடுச்சு.

தூசியோட புகையும் சேந்தா கதையே வேற. ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்கள் பத்தி 1979ல வந்த ஆய்வுல, ரெண்டும் இல்லாதவரோட நுரையீரல் கேன்சர் ஆபத்த 1ன்னு வெச்சா ஆஸ்பெஸ்டாஸ் மட்டும்னா சுமார் 5 மடங்கு, சிகரெட் மட்டும்னா 11, ரெண்டும்னா 53. பின்னாடி வந்த கணக்குகள்ல நம்பர் குறைஞ்சுது, ஆனா ரெண்டும் சேந்தா தனித்தனியா இருக்குறத விட ரொம்ப அதிகம்ங்கிறது மாறல. வேலைய உடனே விட முடியாதவங்க கிட்ட நான் சிகரெட்ட முதல்ல விடுங்கன்னு கெஞ்சுறது அதனாலதான்.

இன்னொண்ணு, எக்ஸ்ரேல மேல்பக்கம் நிழல் தெரிஞ்சதும் சளி டெஸ்ட் சரியா பண்ணாமலே டிபி மாத்திரை ஆரம்பிச்சுடுறாங்க. அது சிலிக்கோசிஸா, அதாவது சிலிக்கா தூசியால நுரையீரல் தழும்பாகுற நோயா இருக்கலாம், ரெண்டும் சேந்தே இருக்கலாம், ஏன்னா சிலிக்கா டிபிக்கும் கதவத் திறந்து விடும்.

மூஞ்சில துண்டு கட்டிக்கிறது இந்த நைஸ் தூசிக்கு சும்மா ஒரு மனசமாதானம்தான். தண்ணி விட்டு அறுக்கணும், காஞ்ச தூசிய துடைப்பத்தால பெருக்கக் கூடாது, மூஞ்சில ஒட்டி உக்காருற என்95 மாதிரி மாஸ்க் போடணும்.

கிளம்பும்போது அந்தப் பொண்ணு கேட்டாங்க, அப்பாவோட வேலைத் துணிய அம்மாதானே உதறித் துவைச்சாங்க, அவங்களையும் பாக்கணுமான்னு. ஆஸ்பெஸ்டாஸ்ல அப்படித் துணி துவைச்ச மனைவிகளுக்கே நுரையீரல் உறை கேன்சர் வந்திருக்கு, கல்லுத் தூசியில அந்த அளவு ஆதாரம் இல்லம்மான்னு சொன்னேன். இருந்தாலும் இருமல் இருக்கான்னு கேட்டு வெச்சேன், அடுத்த தடவ அவங்களையும் கூட்டிட்டு வர்றேன்னு சொல்லியிருக்காங்க.