கல் விலையைக் கழித்தால் மிஞ்சுவது லாபம் இல்லை

போன வாரம் இன்னொருவர் வந்தார். கையில், அலுமினியத் தாதுவான பாக்சைட்டை உள்ளூரிலேயே உலோகமாக்க ஒரு நாலு பக்கத் திட்டம். முதல் பக்கத்திலேயே ஒரு கழித்தல் கணக்கு: ஒரு டன் அலுமினியத்தின் விலை, அதற்கு வேண்டிய பாக்சைட்டின் விலை, கழித்து வந்த தொகைக்குக் கீழே இரட்டைக் கோடு. "இவ்வளவையும் வெளிநாட்டுக்காரன் அள்ளிக்கொண்டு போகிறான் சார்" என்றார். தாது பதப்படுத்தும் வேலையில் இத்தனை வருடம் ஓட்டிவிட்டேன், இந்தக் கணக்கைப் பார்த்தாலே இப்போதெல்லாம் தலை வலிக்கிறது.

தோண்டியதை அப்படியே கப்பலேற்றுங்கள் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. உள்ளூரிலேயே பதப்படுத்தும் ஆலைகளை நம்பித்தான் என் பிழைப்பே ஓடுகிறது. அதனால்தான் சொல்கிறேன், அந்த வித்தியாசம் லாபம் கிடையாது, அதில் பெரும்பகுதி செலவு. ஒரு டன் அலுமினியத்துக்கு 4 முதல் 5 டன் பாக்சைட் வேண்டும், அதிலிருந்து ஏறக்குறைய 2 டன் அலுமினா (சுத்தம் செய்த வெள்ளைப் பொடி) வரும், அந்த அலுமினாவிலிருந்து உலோகத்தைப் பிரிக்க 13,000 முதல் 15,000 யூனிட் மின்சாரம் போகும். ஒரு ஆலைக்கு இல்லை ஐயா, ஒரு டன்னுக்கு! எங்கள் ஆட்கள் அலுமினியத்தை 'உறைந்த மின்சாரம்' என்று கேலி செய்வது சும்மா இல்லை. பாக்சைட் சுரங்கமே இல்லாத ஐஸ்லாந்தில் அலுமினிய உருக்காலைகள் ஓடுகின்றன, ஏனென்றால் ஆற்று நீரிலும் பூமிச் சூட்டிலும் எடுத்த மலிவான மின்சாரம் அங்கே இருக்கிறது, அலுமினா கப்பலில் வந்து இறங்குகிறது. பாக்சைட் மலைமலையாகக் கிடக்கும் கினி நாட்டிலிருந்தோ பெரும்பகுதி கல்லாகவே வெளியே போகிறது. அங்கே இருப்பவர்களுக்கு மூளை இல்லை என்றா நினைக்கிறீர்கள்? (இன்னொன்று: உருக்காலையில் சில மணி நேரம் தொடர்ந்து மின்சாரம் போனால் தொட்டியில் இருப்பது இறுகிவிடும், அப்புறம் இடித்துத்தான் எடுக்க வேண்டும். "ஜெனரேட்டர் வைத்துக்கொள்ளலாம்" என்று தயவுசெய்து யாரும் சொல்ல வராதீர்கள்.)

அடுத்த வாதமும் எனக்கு மனப்பாடம்: "இந்தோனேசியா தடை போட்டுச் சாதிக்கவில்லையா?" சாதித்தது, சரி. 2014-இல் கச்சா நிக்கல் தாது ஏற்றுமதிக்குத் தடை, 2017-இல் கொஞ்சம் தளர்வு, 2020 ஜனவரியிலிருந்து மறுபடி முழுத் தடை. உருக்காலைகள் வரிசையாக வந்தன. ஆனால் அந்த நிக்கலை விட்டால் வாங்குகிறவர்களுக்கு வேறு போக்கிடம் குறைவு, சீன முதலீடு கூடவே வந்தது, மின்சாரத்துக்கு ஆலை வாசலிலேயே நிலக்கரியை எரித்தார்கள், 2022-இல் உலக வர்த்தக அமைப்பின் நடுவர் குழு தடைக்கு எதிராகத் தீர்ப்பும் சொன்னது. உங்கள் கல்லைத் தேடி அப்படி யாராவது வந்தே ஆக வேண்டுமா? பக்கத்து நாட்டில் அதே கல் கிடைத்தால் உங்கள் தடை அவர்களுக்குத்தான் லாபம்.

உருக்குகிறவனுக்கு எப்போதும் கொள்ளை லாபம் என்பதும் கதைதான். 2024-இல் செம்பு உருக்காலைகள் அளவுக்கு மீறிப் பெருகி, செறிவுத்தாது (மண்ணைப் பிரித்துச் செறிவாக்கிய தாது) போதாமல், உடனடிச் சந்தையில் உருக்கும் கூலி பூஜ்யத்துக்கும் கீழே போனது. அதாவது உருக்கிக் கொடுப்பதற்குக் கூலி வாங்க வேண்டியவன், தாதுக்காரனுக்கு எதிர்க்காசு கொடுத்தான்.

அப்படியானால் என்னதான் செய்வது? சுரங்க வாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் படியில் முதலில் கால் வையுங்கள். செம்புத் தாதுவில் பெரும்பாலும் 1 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் செம்பு இருக்கும், அரைத்து நுரையில் மிதக்கவிட்டு எடுத்தால் 25, 30 சதவீதம் வரை வந்துவிடும். வெறும் மண்ணுக்குக் கப்பல் வாடகை கட்டுவது அந்த இடத்திலேயே நின்றுவிடும். அதற்கு மேலே போகுமுன் மின்சார ஒப்பந்தம் கையெழுத்தாகட்டும், வாய்வார்த்தை வேண்டாம். தண்ணீர் எங்கிருந்து, கழிவு எங்கே என்று எழுதி வையுங்கள். ஒரு டன் அலுமினாவுக்கு 1 முதல் 1.5 டன் சிவப்புச் சேறு என்னும் காரக் கழிவு வரும். 2010 அக்டோபரில் ஹங்கேரியின் அய்க்காவில் அந்தச் சேற்றைத் தேக்கிய கரை உடைந்து 10 பேர் செத்தார்கள். திட்டத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரே வரியில் 'கழிவு மேலாண்மை' என்று எழுதி முடிக்கிறவர்கள் அந்தப் படங்களைக் கொஞ்சம் பாருங்கள்.

கச்சாவாகவே விற்கிறவர்களுக்கும் ஒரு கெஞ்சல். வாங்குகிறவரின் ஆய்வகம் சொன்னதை மட்டும் வைத்துப் பணம் வாங்காதீர்கள். மாதிரி எடுக்கும்போது உங்கள் ஆள் கூட நிற்கட்டும், மூன்று பங்காகப் பிரித்து முத்திரை வையுங்கள், மூன்றாவது பங்கு தகராறு வந்தால் நடுவர் ஆய்வகத்துக்கு. ஈரத்தையும் நீங்களே அளந்து பாருங்கள். செம்போடு தங்கமும் வெள்ளியும் போகின்றனவா, அதற்கு ஒப்பந்தத்தில் காசு உண்டா என்றும் பாருங்கள். ஆலையே கட்டாமல் உள்ளூரில் நிற்கக்கூடிய பணம் இது, இதைக் கோட்டைவிட்டுவிட்டு உருக்காலைக் கனவு காண்கிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

நாலு பக்கத் திட்டக்காரரிடம் ஒரே கேள்விதான் கேட்டேன்: உங்கள் பாக்சைட்டில் கரையக்கூடிய சிலிக்கா எத்தனை சதவீதம்? அது கூடக்கூட, பாக்சைட்டிலிருந்து அலுமினாவைக் கரைத்தெடுக்கும் காஸ்டிக் சோடாவைக் குடித்துத் தள்ளும், மொத்தக் கணக்கும் அங்கேயே கவிழ்ந்துவிடும். அவர் இரண்டாம் பக்கத்தைப் புரட்டி விரல் வைத்துக் காட்டினார்: "உயர் தரம் என்று போட்டிருக்கிறோமே சார்."