முகாம் தண்ணீரில் பிளீச்சிங் வாசனை ஏன்?

நம் பெங்களூர் அல்சூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அவருடைய சித்தி 2009இல் வவுனியா, செட்டிக்குளம் முகாமில் சில மாதங்கள் இருந்தவர். பவுசரில் வந்த தண்ணீர் பிளீச்சிங் பவுடர் நாற்றம் அடிக்குமாம். (நாம் டேங்கர் என்பதை அங்கே பவுசர் என்பார்கள்.) அதனால் இரவெல்லாம் வாளியைத் திறந்துவைத்து, நாற்றம் போனபிறகுதான் பிள்ளைகளுக்குக் கொடுப்பாராம். “சித்தி செய்தது சரிதானே?”

சரியில்லை. அந்த நிலைமையில் இருந்த ஒருவரைப் பற்றி இப்படி எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நாற்றம்தான் அவருக்குக் கிடைத்த ஒரே காவல்.

முதலில் கணக்கு. போர் முடிந்தபோது வவுனியாப் பக்கத்து முகாம்களில் இரண்டரை லட்சத்துக்கும் மேல் ஆட்கள். இப்படிப்பட்ட இடங்களில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் என்பது உலக அளவில் ஒப்புக்கொண்ட அளவு. குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பிளாஸ்டிக் குடம்! இந்திய நகரங்களுக்கு வகுத்த அளவு 135 லிட்டர். 2024 மார்ச்சில் பெங்களூரில் டேங்கருக்காகச் சண்டை போட்டவர்கள் எத்தனை குடம் கேட்டோம் என்று யோசித்துப் பார்க்கலாம்.

கழிப்பறை 20 பேருக்கு ஒன்று. ஆரம்ப நாட்களில் 50 பேருக்கு ஒன்று கிடைத்தாலே பெரிது. அதையும் தோண்ட மண் வேண்டும். 1994 ஜூலையில் ருவாண்டாவிலிருந்து லட்சக்கணக்கானோர் எல்லை தாண்டி, இன்றைய காங்கோவின் கோமா நகரில் ஒதுங்கினார்கள். அங்கே தரை முழுக்க இறுகிப்போன எரிமலைக் குழம்பு. கடப்பாரை இறங்கவில்லை. குடிநீர் பக்கத்துக் கிவு ஏரியிலிருந்து. முதல் ஒரு மாதத்தில் ஏறத்தாழ 50,000 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் வாந்திபேதியாலும் சீதபேதியாலும்.

ஆற்று நீரோ ஏரி நீரோ, முதலில் கலங்கலைப் போக்க வேண்டும். களிமண் துகள்கள் எல்லாமே எதிர்மின்சுமை கொண்டவை. ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு மிதக்கும். படிகாரம் போட்டால் அதிலுள்ள அலுமினியத்தின் நேர்மின்சுமை சண்டையைத் தீர்த்துவைக்கிறது. துகள்கள் ஒட்டிக்கொண்டு கனத்து அடியில் இறங்கும். பானையில் தேத்தாங்கொட்டை உரசிய பாட்டிகளுக்கு இந்த வேலை நன்றாகத் தெரியும்.

தெளிந்த நீரில் கிருமி இருக்கும். அதற்குத்தான் குளோரின். இனிமேல்தான் எனக்குப் பிடித்த இடம்.

குளோரின் தண்ணீரில் கரைந்ததும் ஹைப்போகுளோரஸ் அமிலமாக மாறுகிறது. பெயர்தான் பயமுறுத்தும். தண்ணீர் மூலக்கூறு தெரியும் அல்லவா, நடுவில் ஆக்சிஜன், இருபுறமும் ஹைட்ரஜன். அதில் ஒரு ஹைட்ரஜனை எடுத்துவிட்டுக் குளோரினை உட்கார வைத்தால் அதுதான் இது. சின்னது. மின்சுமையும் இல்லை. பாக்டீரியாவின் மேல்தோலும் களிமண்ணைப் போலவே எதிர்மின்சுமை உடையது. எதிர்மின்சுமையோடு வருகிற எதையும் தள்ளிவிடும். இந்தச் சின்ன மூலக்கூறோ தண்ணீர் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு நேராக உள்ளே போய்விடுகிறது. போனதும் புரதங்களைப் பிடிக்கிறது. கொதிநீரில் உடைத்து ஊற்றிய முட்டை போல அவை சுருள் கலைந்து கட்டியாகிவிடும். கதை முடிந்தது.

இதே அமிலம் நீரின் காரத்தன்மை கூடக்கூட ஒரு ஹைட்ரஜனை விட்டுவிட்டு எதிர்மின்சுமை பெற்றுவிடும். உடனே வாசலில் மாட்டிக்கொள்ளும், கொல்லும் திறன் பல மடங்கு குறையும். பிஎச் என்கிற அமில-கார அளவு 7.5 ஆனால் பாதிக்குப் பாதி. 8.5இல் பத்தில் ஒரு பங்குதான் வேஷத்தோடு மிஞ்சும். வேடிக்கை என்னவென்றால், நம் ரத்த வெள்ளணுக்களும் கிருமியை விழுங்கியதும் இதே அமிலத்தைத்தான் தயாரித்து அதன்மேல் ஊற்றுகின்றன. “கெமிக்கல் தண்ணீர்” என்று முகம் சுளிக்கிறவர்களின் உடம்புக்குள்ளேயே அந்தத் தொழிற்சாலை ஓடிக்கொண்டிருக்கிறது.

அரை மணி நேரத்தில் பெரும்பாலான கிருமிகள் ஒழிந்துவிடும். பிறகும் தண்ணீரில் ஏன் கொஞ்சம் குளோரினை மிச்சம் வைக்க வேண்டும்? ஏனென்றால் குழாயில் நன்றாக வந்த தண்ணீரும் குடத்தில் கெட்டுவிடுகிறது. கழுவாத கை டம்ளரோடு உள்ளே போகும். அப்போது வரும் புதுக் கிருமியைக் கொல்ல லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும். தெற்கு சூடானின் முகாம்களில் அளந்து பார்த்தபோது குழாயடியில் போதுமான அளவு இருந்த குளோரின் சில மணி நேரத்தில் வீட்டுப் பாத்திரத்தில் காணாமல் போயிருந்தது. வெயில், அழுக்கு, திறந்த வாய் மூன்றும் அதைத் தின்றுவிடுகின்றன. சித்தியின் வாளியிலும் நடந்தது இதுதான். நாற்றம் போனபோது காவலும் போய்விட்டது.

1993இல் மலாவியில், மொசாம்பிக் உள்நாட்டுப் போரிலிருந்து தப்பி வந்தவர்களின் முகாமில் சிலருக்கு ஒரு புது பக்கெட் கொடுத்தார்கள். மூடி உண்டு, ஊற்ற ஒரு மூக்கு உண்டு, கை மட்டும் உள்ளே நுழையாது. அந்த வீடுகளில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் வயிற்றுப்போக்கு 31 சதவீதம் குறைந்தது. செல்போனில் நீரின் தரம் காட்டும் கருவிக்கு இன்று பணம் கொட்டத் தயாராக இருப்பவர்களிடம் ஒரு மூடியை ஆராயப் பணம் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள். மந்திரித்த தண்ணீர் பாட்டிலுக்குக் காசு கொடுக்கிற அண்டைவீட்டாரைக்கூட என்னால் மன்னிக்க முடியும்; இதை முடியவில்லை.

இந்த ஊருக்கும் அந்தக் கதை அந்நியம் அல்ல. 1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தின்போது பெங்களூரிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் எல்லை தாண்டி ஓடினார்கள். தண்ணீருக்கான சண்டையில் வீட்டை விட்டு ஓடியவர்கள், போன இடத்தில் முதலில் தேடியிருப்பதும் தண்ணீராகத்தான் இருக்கும்.

வாசகியின் கேள்விக்குப் பிறகு எங்கள் அடுக்ககத்துக்கு வந்த டேங்கர் தண்ணீரையும் சோதித்தேன். குளோரின் இருந்தால் சோதனை மாத்திரை தண்ணீரை இளஞ்சிவப்பாக்கும். கொஞ்சமும் நிறம் மாறவில்லை. 12,000 லிட்டருக்கு, லிட்டருக்கு 2 மில்லிகிராம் கணக்கில் 24 கிராம் குளோரின். பிளீச்சிங் பவுடரில் மூன்றில் ஒரு பங்குதான் குளோரின், ஆக 72 கிராம் போட வேண்டும். ஒரு காபி டம்ளர் அளவு. தருமபுரிக்கார டிரைவரிடம் இதைச் சொன்னேன். அவர் மாடிகளை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: “போடலாம் சார். நாத்தம் அடிக்குதுன்னு போன் பண்ணித் திட்டுவாங்களே, அதை நீங்க பாத்துக்குவீங்களா?”