அமைச்சுக்கு கொம்பனி எழுதின கடிதத்தை நாமளும் கேட்டு வாங்கலாம்

மின்சாரம் காத்தாலையா சோலாரா நிலக்கரியா, எந்த ஊர்ல, யூனிட் என்ன விலை, இதெல்லாம் முடிவாகுறதுக்கு முன்னமே கொம்பனிக்காரங்க அமைச்சுல போய் பேசுறாங்க. அயர்லாந்துல 2015ல சட்டம் போட்டு, யார் எந்த அதிகாரிகிட்ட எதுக்காகப் பேசினாங்கனு ரெஜிஸ்டர்ல பதிய வச்சாங்க, யார் வேணும்னாலும் பாக்கலாம். இங்க இலங்கையில அப்படி ஒரு சட்டமே இல்ல. பங்குச் சந்தையில இருக்கிற பெரிய 100 கொம்பனிக்கு 2025ல இருந்து காலநிலை அறிக்கை கட்டாயம்தான், ஆனா அமைச்சர்கிட்ட என்ன கேட்டாங்கனு அதுல எழுதத் தேவையில்ல.

மன்னாரைப் பாருங்க. 2022 ஜூன்ல மின்சாரச் சட்டத்தைத் திருத்தி போட்டி விலைமனு (பல கொம்பனிகிட்ட விலை கேட்டுத்தான் குடுக்கணும்ங்கிற) கட்டாயத்தை எடுத்தாங்க, 2024 மேயில இந்தியாவோட அதானி கொம்பனியோட காத்தாலை மின்சாரத்துக்கு யூனிட் 8.26 அமெரிக்க சதம்னு 20 வருசத்துக்கு அமைச்சரவை அனுமதி குடுத்துச்சு, மன்னார் பூநகரி ரெண்டும் சேத்து 484 மெகாவாட், விசயம் உயர் நீதிமன்றம் வரைக்கும் போச்சு, 2025 பெப்ரவரியில கொம்பனியே விலகிடுச்சு. அந்த விலையை யார் எப்படிப் பேசினாங்கங்கிற தாள் மன்னார்ல வலை இழுக்கிற ஆளுக்கு தானா வந்து சேராது, கேட்டுத்தான் வாங்கணும்.

கேக்கிற வழி 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம். தனியார் கொம்பனிகிட்ட பெரும்பாலும் நேரா கேக்க முடியாது, ஆனா அது அனுப்பின கடிதம் அமைச்சோட ஃபைல்லதானே கிடக்கு, அப்ப அமைச்சுகிட்ட கேளுங்க. "லாபி பண்ணினதைப் (கொம்பனி தனக்குச் சாதகமா முடிவெடுக்கச் சொல்லி அதிகாரிகிட்ட பேசினதை) பத்தி விபரம் தாங்க"னு எழுதினா ஒண்ணும் வராது. இந்தத் தேதியில இருந்து இந்தத் தேதி வரைக்கும், இந்தத் திட்டம் சம்பந்தமா, இந்தக் கொம்பனியோட நடந்த கூட்டங்களோட குறிப்பு, வந்தவங்க பட்டியல், கடிதப் பிரதிகள்னு பிரிச்சு எழுதுங்க. தமிழ்லயே எழுதலாம். ஏன் வேணும்னு காரணம் சொல்லத் தேவையில்ல, இலங்கைப் பிரஜையா இருந்தா போதும்.

அமைச்சுல விண்ணப்பத்தை வாங்குற தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள்ள தாறதா இல்லையானு முடிவு சொல்லணும். கொம்பனி இரகசியம்னு குடுத்த தாளா இருந்தா முதல்ல கொம்பனிகிட்ட கேப்பாங்க, 7 நாளுக்குள்ள அவங்க பதில் போடலனா தகவலைக் குடுக்கணும். கொம்பனி வேணாம்னு சொல்லிட்டா உங்களுக்கு மறுப்பு வரும், அதோட விட்டுடாதீங்க, நிறையப் பேர் இங்கதான் நிப்பாட்டிடுறாங்க. 14 நாளுக்குள்ள அதே அமைச்சுல குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு (மேன்முறையீட்டைப் பாக்கிறவர்) மேன்முறையீடு, அவருக்கு 3 கிழமை, அதுவும் சரிவரலனா 2 மாசத்துக்குள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. பொதுநலன் பெருசுனு பட்டா கொம்பனி மறுத்தாலும் குடுக்கச் சொல்ற அதிகாரம் ஆணைக்குழுவுக்கு இருக்கு, அதனால மேன்முறையீட்டுல கரண்ட் பில், காணி, மீன்பிடி எது எப்படிப் பாதிக்கப்படுதுங்கிறதை விபரமா எழுதுங்க.

அமைச்சரவைப் பத்திரம்னா முடிவெடுக்காம இருக்கிற வரைக்கும் மறுக்கலாம், முடிவு வந்த அடுத்த நாளே கேளுங்க. விண்ணப்பம் குடுக்கிற அன்னைக்கே பெற்றுக்கொண்டதுக்கு எழுத்துல ஒரு தாள் வாங்கி வைங்க, நாள் கணக்கெல்லாம் அதை வச்சுத்தான்.