பூச்சாயமும் ஈய எழுத்தும்: கைவைக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கல்யாணப் பத்திரிகையைப் பழையபடி ஈய எழுத்துக் கோத்து, பூவிலிருந்து எடுத்த நிறத்தில் அடித்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இப்போது நிறையப் பேர். ஈரோடு, கோபி, பல்லடம் பக்கத்து இளைஞர்கள் சிலர், பூட்டிக் கிடக்கும் அச்சகங்களிலிருந்து எழுத்துப் பெட்டிகளை எடைக்கு வாங்கி வந்து வீட்டிலேயே வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். அழிந்துபோன தொழில் திரும்பி வருவதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் பயிற்சிக்கு வருகிறவர்கள், "ஏனுங்க, பூவுல என்னங்க விஷம் இருக்கப் போகுது?" என்று கேட்கும்போது கவலையாக இருக்கிறது.

சில பூவிலேயே இருக்கிறது. மூலனூர், தாராபுரம் பக்கம் விதைக்காகப் பயிரிடுகிற கண்வலிக்கிழங்கின் பூவைப் பார்த்தால் யாருக்கும் சட்டியில் போடத் தோன்றும். செங்காந்தள் என்பதும் அதுதான். அந்தச் செடியில் எந்தப் பாகத்தை எடுத்தாலும் கோல்ச்சிசின் என்ற நஞ்சு உண்டு. அரளியில் இருப்பது இதயத்தையே தாக்கும் நஞ்சு. கொதிக்க வைத்தால் போய்விடும் என்று நினைக்காதீர்கள், போகாது. மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் செண்டுமல்லி, ஆவாரம்பூ, புரசம்பூ தாராளமாகப் போதும். சத்தியமங்கலத்தில் விலை சரிந்த நாளில் செண்டுமல்லி மலிவாகவே கிடைக்கும். மாலைக்கு வளர்த்த பூவுக்கு மருந்து அடித்திருப்பார்கள், நன்றாக அலசிய பிறகே அடுப்பில் ஏற்றுங்கள். அந்தப் பாத்திரம் திரும்பச் சமையலுக்குப் போகக் கூடாது.

அடுத்தது மை. பூ வேகவைத்த சாற்றை அப்படியே உருளையில் தடவினால் எழுத்தில் ஒட்டாது. அச்சு மை எண்ணெயில் ஆனது, சாறு தண்ணீர். அதனால் சாயத்தை முதலில் பொடியாக்க வேண்டும். வடிகட்டிய சூடான சாற்றில் படிகாரத்தைக் கரையுங்கள். படிகார எடையில் பாதி அளவு சலவைச் சோடாவைத் தனியே வெந்நீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக அதில் ஊற்றுங்கள். நுரை குபுகுபுவென்று மேலே வரும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் சாறு இருந்தால் பொங்கிக் கையில் கொட்டும். நுரை அடங்கியதும் சாயம் படிகாரத்தின் அலுமினியத்தோடு சேர்ந்து சேறு மாதிரி அடியில் படியும். மேல் தண்ணீரை இறுத்து, நல்ல தண்ணீர் விட்டு மூன்று நான்கு முறை கழுவி, துணியில் வடித்து, நிழலில் காயவைத்து, அரைத்துக்கொள்ளலாம். அரைக்கும்போது முகக்கவசம் அவசியம். அந்தப் பொடியைக் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயோடு கண்ணாடிப் பலகையில் இழைத்தால் மை தயார். செண்டுமல்லிப் பொடியில் வரும் மஞ்சள் அவ்வளவு அழகு. சங்குப்பூ, செம்பருத்தி நிறங்களை மட்டும் நம்ப வேண்டாம். புளிப்பு பட்டால் ஒரு நிறம், சோடா பட்டால் ஒரு நிறம், வெயில் பட்டால் வெளுத்தே போகும். அதைப் பத்திரிகையில் அடித்து விற்பவர்கள் வாங்குகிறவரிடம் சொல்லிவிட்டுத்தான் விற்க வேண்டும்.

ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து உலரும்போது சூடு பிறக்கும். குவிந்து கிடக்கும் துணிக்குள் சூடு தேங்கி, நெருப்பு வைக்காமலே பற்றிக்கொள்ளும். தண்ணீரில் முக்கி மூடிபோட்ட தகர டப்பாவில் போடுங்கள், இல்லையென்றால் வெளியில் விரித்துக் காயப்போடுங்கள்.

இதையெல்லாம்விட எனக்குப் பயம் ஈய எழுத்தைப் பற்றித்தான். அச்செழுத்து காரீயம், ஆன்டிமணி, வெள்ளீயம் கலந்து வார்த்தது, அதில் பெரும்பங்கு காரீயம். ஈயம் என்று இங்கே சொல்வது அதைத்தான். பெட்டியில் துதிக்கை வைத்த பழைய 'லை', 'னை' கிடந்தால் அது 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய பாணி எழுத்து. அத்தனை வருடம் ஈரத்தில் கிடந்தவற்றின் மேல் வெள்ளையாகப் பூத்திருக்கும். அந்த ஈயப் பொடிதான் ஆபத்து. வாயால் ஊதக் கூடாது, காய்ந்த பிரஷ் போடக் கூடாது. கையுறை போட்டு ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைத் தனியே கட்டி வையுங்கள். ரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகளின் மூளையைத்தான் அது முதலில் பாதிக்கும். எழுத்துக் கோத்த கையோடு டீயும் வடையும் சாப்பிடுகிற பழக்கத்தை விட்டாக வேண்டும். சானிடைசர் ஈயத்தை எடுக்காது, சோப்பும் தண்ணீரும்தான் வழி. கர்ப்பிணிகளும் சின்னக் குழந்தைகளும் அந்த அறைக்குள்ளேயே வர வேண்டாம். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க மர எழுத்தே போதும்.

கடைசியாக, காகிதத்தை விட்டுத் துணிக்குச் சாயம் ஏற்றப் போகிறவர்களுக்கு. பருத்திக்கு முதலில் கடுக்காய்த் தண்ணீர், பிறகு படிகாரம், அதன் பிறகு பூச்சாறு. இந்த வரிசையில் போனால் நிறம் பிடிக்கும். நிறம் இன்னும் அழுத்தமாக வர மயில்துத்தமோ பொட்டாசியம் டைக்ரோமேட்டோ போடச் சொல்வார்கள். மயில்துத்தத்தில் உள்ள தாமிரம் சேர்ந்த தண்ணீர் மீனைக் கொல்லும். டைக்ரோமேட்டில் உள்ள குரோமியம் புற்றுநோய் வரவழைப்பது. அவற்றில் முக்கி எடுத்த துணியை 'இயற்கைச் சாயம்' என்று விற்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நொய்யல் ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணீர் தேங்கியதையும், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதையும் பார்த்த ஊர்க்காரர்கள் நாம். நொய்யலுக்கு நம் வீட்டிலிருந்தும் ஒரு வாளி போக வேண்டாம். மயில்துத்தத்தையும் டைக்ரோமேட்டையும் வாங்கவே வாங்காதீர்கள். படிகாரத் தண்ணீர் மிஞ்சினால் கொட்டாமல் மூடி வைத்து, குறைந்துபோன அளவுக்கு மட்டும் படிகாரம் சேர்த்து, அடுத்த துணியை அதிலேயே நனைத்துக்கொள்ளலாம்.